நிக்கிற வாகனமும் கிடக்கிற வாகனமும்

ஒரு மனுசிக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கக்கூடாது என்று நான் எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். எங்கள் கடைத்தெருவில் வாகனம் நிறுத்துகிறவர்களிடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்க வந்தவள் அவள். பெயரைச் சொன்னால் திருகோணமலையில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் டிக்கெட் அக்கா. எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட, ஆகவே நான் "பிள்ளை" என்பேன். கோபம் வந்தால் "ஏய் பிள்ளை". கோபம் வராத நாள் குறைவு.

உள்துறைமுகப் பக்கமிருந்து பட்டினத்துக்குள் வருகிற தெரு எங்களுடையது. இரண்டு பக்கமும் கடை, கடைக்கு மேலே வீடு. நானும் அப்படித்தான், கீழே வலைக்கடை, மேலே குடியிருப்பு. என் மனுசன் தொடங்கின கடை. அவர் போன பிறகு நான்தான் நடத்துகிறேன். மூதூர், கிண்ணியா, இலங்கைத்துறை, வெருகல் என்று கரை நெடுகத் தொழில் செய்கிறவர்கள்தான் என் ஆட்கள். வலை வாங்க வருகிறவர் சீனி வாங்க வருகிறவர் மாதிரி இல்லை. வலைக் கண்ணை அளப்பார், நூலை இழுப்பார், பல்லால் கடித்தும் பார்ப்பார். பிளேன்ரீ குடிப்பார், கடல் கதை கதைப்பார், வேண்டாம் என்று எழும்பி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவார். இரண்டு மூன்று மணித்தியாலம் போகாமல் ஒரு நல்ல வலை விலைப்படாது.

அப்படிப்பட்ட தெருவில் ஒருநாள் விடிய வெள்ளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டார்கள். பத்து நிமிடம் சும்மா, அதற்குப் பிறகு மணிக்கு இவ்வளவு என்று பலகை நட்டார்கள். கடைக்காரரும் மேல்மாடியில் குடியிருக்கிறவர்களும் விரும்பினால் மாதப் பாஸ் எடுக்கலாம். நகரசபை அந்த வசூலைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் அவளைக் கொண்டுவந்து தெருவில் விட்டார்.

நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் பளீரென்ற பச்சைச் சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் டிக்கெட் மெஷின், காலில் ஆம்பிளைகள் போடுகிற சப்பாத்து. அவசரமாக நடந்து நான் கண்டதில்லை. வாகனம் வந்து நின்றால் ஓடிப்போக மாட்டாள். நின்ற இடத்தில் நின்றே ஒருதரம் பார்ப்பாள், அவ்வளவுதான். கையில் மணிக்கூடும் கட்டுவதில்லை. கடைச் சுவர்களில் தொங்குகிற மணிக்கூடுகள் அவளுக்குப் போதும். எந்தக் கடை மணிக்கூடு எத்தனை நிமிடம் பிந்தி ஓடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். என்னுடையது ஏழு நிமிடம் பிந்தி ஓடியதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கும் அவளைத்தான் ஏசினேன்.

வந்து இரண்டாம் கிழமையே மெஷின் பழுதாகிவிட்டது. காலை ஒன்பது மணி. எதிர்ப்பக்கப் புடைவைக்கடை முதலாளி, அவர்தான் எங்கள் கடைக்காரர் சங்கத்துக்கும் தலைவர், நடுத்தெருவுக்கு வந்து, "இண்டைக்குத் தெரு சும்மா!" என்று சத்தம் போட்டார். எல்லாருக்கும் கலியாண வீட்டுச் சந்தோசம். அவள் மெஷினைப் பைக்குள் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றாள். கொப்பி இல்லை, பேனை இல்லை. வாகனம் எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவசரமில்லாமல் ஆறுதலாகப் போனாள்.

"ஒன்பது இருவதுக்கு வந்தனீங்கள் ஐயா. இப்ப பத்து அம்பது."

அந்த மனிதர் விடவில்லை. "ஆர் சொன்னது? நான் பத்து மணிக்குத்தான் வந்தனான்."

"பத்து மணிக்கு நீங்கள் பாமசிக்கு ரெண்டாந்தரம் போனீங்கள். முதல்தரம் மருந்துத் துண்டை மறந்திட்டுப் போனீங்கள். திரும்பி வந்து காருக்குள்ள இருந்து எடுத்தனீங்கள்."

மனிதர் கையிலிருந்த மருந்துத் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காசை எடுத்தார். அன்று முழுக்க அப்படித்தான். இரண்டு பக்கத்திலும் வந்து போன அத்தனை வாகனத்துக்கும் அவள் நேரம் சொன்னாள். ஒரு வாகனத்துக்கும் நேரம் பிழைக்கவில்லை. நான் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒன்றாவது பிழைக்காதா என்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையோடு பார்த்தேன்.

எல்லாரும் அவளிடம் கேட்டார்கள், இது எப்படி ஏலுமென்று. நம்பர் தகட்டைப் பார்த்துப் பாடமாக்குகிறாளோ என்று நான் நினைத்தேன். அவள் நம்பரையே பார்ப்பதில்லையாம்.

"இறங்கிறதைப் பாப்பன் அக்கா. ஒருத்தர் இறங்கிற மாதிரி மற்றவர் இறங்கமாட்டார். கதவை ரெண்டு தரம் சாத்துறவர் இருக்கிறார். இறங்கின உடன கண்ணாடியில தலை பாக்கிறவர் இருக்கிறார். ஒரு அம்மா இறங்கமுன்னம் காலால நிலத்தைத் தொட்டுப் பாப்பா. அதைப் பாத்தாக் காணும், நேரம் தன்ர பாட்டில ஒட்டிக்கொள்ளும்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் அன்றைக்கு என் கடைக்கு வந்தவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் நினைவில் இல்லை.

பத்து நிமிடம் சும்மா என்ற விதியை வைத்துக்கொண்டு எங்கள் கடைக்காரர் பண்ணின கூத்து கொஞ்சமில்லை. ஒன்பதாவது நிமிடம் வாகனத்தை எடுத்து அடுத்த கட்டத்தில் விடுவார்கள். அங்கே ஒன்பது நிமிடம், பிறகு அதற்கடுத்தது. தெருவே சதுரங்கம் ஆடுகிற மாதிரி இருக்கும். புடைவைக்கடை முதலாளி ஒருநாள் காரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றிவிட்டு, "இப்பதான் வந்தனான்" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "கார்தான் அங்கால போச்சு ஐயா. நேரம் போகேல்ல."

அதோடு முதலாளி மாதப் பாஸ் எடுத்தார். பின்னாலேயே தெருவில் பெரும்பாலானோர் எடுத்தார்கள், நானும்தான், சாமான் ஏற்றுகிற என் வானுக்கு. பாஸ் ஒன்று விற்றால் அவளுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு என்று பிறகு கேள்விப்பட்டோம். ஓகோ, கள்ளி, இதற்குத்தான் இவ்வளவு கடுமையா என்று நாங்கள் எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம்.

கோட்டைப் பக்கத்து மான்கள் நாள்தோறும் விடியத் தெருவுக்கு வரும். வெள்ளைக் கோட்டுக் கட்டத்துக்குள் வந்து காலை மடக்கிப் படுத்தால் வெயில் ஏறும் வரைக்கும் எழும்பாது. வாகனக்காரர் ஹோன் அடிப்பார்கள். அவள் போய் விரட்டமாட்டாள். "அது எட்டு மணிக்கே வந்திட்டுது, நீங்கள் இப்பதானே வாறீங்கள்" என்பாள். "அப்ப மானுக்கு டிக்கெட் அடியுங்கோவன்" என்று யாராவது பகிடி விடுவார்கள். அதற்கு மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரிப்பாள்.

இன்னொரு நாள் ஒரு ரீச்சர் அழுதுகொண்டு ஓடிவந்தா. புது ஸ்கூட்டியைக் காணவில்லை, பாமசிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆரோ கொண்டுபோய்விட்டார்கள். சனம் கூடிவிட்டது. ஒருவர் பொலிசுக்குப் போன் அடிக்கப் போனார். டிக்கெட் அக்கா ஆறுதலாக நடந்து வந்தாள்.

"ரீச்சர், நீங்கள் இண்டைக்கு ஸ்கூட்டியில வரேல்ல. ஓட்டோவில வந்து இறங்கினீங்கள், சிவப்பு ஓட்டோ. மிச்சக் காசு வாங்காமல் நடந்தனீங்கள், அவன் கூப்பிட்டுத் தந்தவன்."

ரீச்சர் வாயைப் பிளந்தபடி நின்றா. பிறகுதான் ஞாபகம் வந்தது, ஸ்கூட்டி சேர்விசுக்குக் கொடுத்தது. தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ கூசியது. ஒரு ஆளுக்குத் தன்னைப் பற்றித் தெரியாததைக்கூட இந்த மனுசி தெருமுனையில் நின்று தெரிந்து வைத்திருக்கிறாளே.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வாயில் வந்திருந்தால் எங்கள் தெருவில் பல வீடு உடைந்திருக்கும். ஒருநாள் நடுத்தர வயதில் ஒரு பெண் வந்து, தன் புருசனின் மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கத்து லொட்ஜுக்கு முன்னால் நிற்பதுண்டா என்று மெல்லக் கேட்டா. நான் பக்கத்தில் நின்றேன். காது கூர்மையாகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

"நான் கட்டணத்துக்குத்தான் பாக்கிறனான் அம்மா. வேற ஒண்டுக்கும் இல்லை" என்றாள். அந்தப் பெண் போன பிறகு நானும் துருவிப் பார்த்தேன். என்னிடமும் அதையேதான் சொன்னாள். அவள் முகத்திலிருந்து ஒரு துளி எடுக்க ஏலவில்லை.

இவ்வளவும் சொல்கிறேனே தவிர, அந்தக் காலத்தில் எனக்கு அவளில் கொலைக் கோபம். காரணம் என் கடை. கட்டணம் வந்த பிறகு என் ஆட்களுக்கு இருப்பு கொள்ளவில்லை. மூதூரிலிருந்து வருகிற ஒருவர் நூலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழும்பி, "அக்கா, வெளியில டிக்கெட் ஓடுது, பிறகு வாறன்" என்று போய்விட்டார். இரண்டு மூன்று மணித்தியாலம் கதைத்து விற்கிற சாமானை இருபது நிமிடத்தில் எப்படி விற்பது? கண்டி வீதியில் கப்பல்துறைப் பக்கம் ஒரு வலைக்கடை திறந்திருந்தார்கள். அங்கே கடைக்கு முன்னால் பெரிய வெறுங்காணி, லொறியைக் கொண்டுபோய் நாள் முழுக்க விடலாம். என் ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே போகத் தொடங்கினார்கள்.

கொழும்பிலிருக்கிற மகள் ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, "கடையை விட்டிட்டு வாங்கோவன் அம்மா" என்பாள். கடைசியில் நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். இந்த சீசனுக்கு இலங்கைத்துறைச் சம்மாட்டி என்னிடம் வலை எடுத்தால் கடை இருக்கும், எடுக்காவிட்டால் பூட்டிவிட்டு வருகிறேன் என்று. சம்மாட்டி என்றால் கரைவலைத் தொழிலின் முதலாளி. என் மனுசன் காலத்திலிருந்து எங்களிடம்தான் எடுக்கிறவர். சீசன் தொடங்க முன்னம் அவர் வந்து மீன் வந்து சேருகிற மடிக்கு வலையும் கயிறும் மிதவையும் எடுத்தால் அரைவருடத்துக்குக் கடை நிமிர்ந்துவிடும்.

அந்த வருடம் அவர் வரவில்லை. சீசன் நெருங்கிக்கொண்டு வந்தது. நான் வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனேன். வாசல் என்றால், வாசலில் நின்ற என் வெள்ளை வானைத்தான் பார்த்தேன். அவர் போனில் கூப்பிட்டபோதும் நான் எடுக்கவில்லை. கப்பல்துறையில் வலை வாங்கிவிட்டுச் சாட்டுச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்கு ரோசம். அந்த ரோசம் முழுவதையும் நான் அவளில் இறக்கினேன். வாசலால் போகும்போதெல்லாம், "உன்ர மெஷின்தான் என்ர கடையைத் தின்னுது" என்பேன். அவள் நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

கடைக்காரர் சங்கம் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லி மனு எழுதியது. நான்தான் முதல் கையெழுத்து. சபையிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தரை அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட சின்னப் பிள்ளை, என் மகளின் வயது. ஒரு புதன்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம். நாங்கள் கதிரைகளை நிரப்பி உட்கார்ந்தோம். குத்தகைக்காரர் முன்வரிசையில் இருந்தார். டிக்கெட் அக்காவும் பச்சைச் சட்டையோடு வந்து பின் சுவரோடு நின்றாள்.

புடைவைக்கடை முதலாளி எழும்பி, கட்டணம் வந்த நாளிலிருந்து தெருவுக்குச் சனமே வருவதில்லை என்றார். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். நான் எழும்பினேன். "இந்தப் பிள்ளை மெஷினோட வாசலில நிண்டா ஆர் உள்ளுக்கு வருவினம்?" என்று கையை நீட்டியே காட்டினேன்.

உத்தியோகத்தர் பின்சுவரைப் பார்த்தா. "நீங்கதானே ஒவ்வொரு நாளும் அங்க நிக்கிறது. நீங்க சொல்லுங்க. சனம் வாறேல்லையோ?"

குத்தகைக்காரர் திரும்பி அவளை ஒருதரம் பார்த்தார்.

"சனம் வருது மிஸ். நிக்க இடமில்லாமல் போகுது."

மண்டபம் கொதித்தது. இடமில்லையா, தெரு நெடுகக் கட்டம்தானே என்று ஆளுக்காள் கத்தினார்கள். உத்தியோகத்தர் மேசையில் தட்டினா. "எப்படிச் சொல்றீங்க?"

"நேற்றையான் நாளைச் சொல்லட்டோ மிஸ்?"

"சொல்லுங்க."

அவள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தாள். துறைமுகப் பக்கத்து முதற் கட்டத்திலிருந்து தொடங்கினாள். முதலாவது இரும்புக்கடைக்காரரின் லொறி, காலை ஏழு பத்துக்கு விட்டது, பின்னேரம் ஆறரைக்கு எடுத்தது. இரண்டாவது அவருடைய மகனின் கார், எட்டு ஐந்துக்கு விட்டது, அதுவும் ஆறரைக்கு. மூன்றாவதில் பாமசிக்காரரின் கார். நாலாவதில் ஒரு பெட்டிக் கார் ஒன்பதுக்கு வந்து, ஒரு அம்மாவை இறக்கி, ஒன்பதேகாலுக்குப் போனது, போனவுடன் பாத்திரக்கடைக்காரரின் வான் வந்தது, பிறகு அசையவில்லை. ஐந்தாவது. ஆறாவது. குரலை உயர்த்தவும் இல்லை, தடக்கவும் இல்லை. தெருவில் நடக்கிற அதே நடையில் சொல்லிக்கொண்டே போனாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு பிடிக்கப் பார்த்தார்கள். புடைவைக்கடை முதலாளி, "சரி, என்ர காருக்குப் பக்கத்துக் கட்டத்தில நேற்று என்ன நிண்டது?" என்று இடையில் குறுக்கே கேட்டார்.

"பத்து மணி வரைக்கும் மான் ஐயா. குட்டியும் நிண்டது. பிறகு உங்கட மருமகன் காரை விட்டவர்."

சிரிப்பு எழும்பி, பாதியில் அடங்கியது. மருமகன் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அவள் ஒவ்வொரு கட்டமாக வர வர, அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரர் கதிரையில் அசைந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். தெருவில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியாத எங்கள் தெருவை, கையில் துண்டுக் கடதாசி இல்லாமல், அவள் எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோபத்தோடுதான் இருந்தேன், ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு என் முறை வந்தது.

"அடுத்தது வலைக்கடை அக்காட வெள்ளை வான். நேற்று எடுக்கேல்ல. முந்தநாளும் எடுக்கேல்ல. அது நிக்கிறேல்ல மிஸ், கிடக்கிறது."

உத்தியோகத்தருக்கு விளங்கவில்லை. "ரெண்டும் ஒண்டுதானே?"

"வேற வேற மிஸ். ஒரு அலுவலா வந்து, அலுவல் முடிய எடுத்துக்கொண்டு போற வாகனம் நிக்கிறது. விடியக் கொண்டுவந்து விட்டிட்டுப் பொழுதுபட்டா எடுக்கிறது, இல்லாட்டி எடுக்காமலே விடுறது, அது கிடக்கிறது. வாங்க வாறவையின்ர வாகனம் நிக்கிறது. விக்கிறவையின்ர வாகனம் கிடக்கிறது. எங்கட மெஷின் நிக்கிற வாகனத்துக்கு மணிக்கணக்கில எடுக்குது. கிடக்கிறதுக்கு மலிவாப் பாஸ் குடுக்குது."

எனக்குத் தாங்கவில்லை. எழும்பிக் கத்தினேன். "என்ர வான் என்ர வாசலிலதானே கிடக்கு! ஆருக்கு என்ன இடைஞ்சல்?"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. குத்தகைக்காரர்கூட சிரித்தார். "கிடக்கு" என்று என் வாயாலேயே சொன்னதை நான் அப்போதுதான் கேட்டேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு முடியும் வரைக்கும் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இடைஞ்சல் இருக்கு அக்கா. ஒரு சின்ன நீலப் பட்டா லொறி, முன்கண்ணாடியில வேல் ஒட்டியிருக்கு, ஒரு வயசாளி ஓட்டுவார். மூண்டு தரம் உங்களிட்ட வந்தவர். முதல்தரம் போன மாசம் ஒரு திங்கக்கிழமை பத்தேகாலுக்கு. உங்கட வாசலில மெதுவாக்கினவர், வான் கிடந்தது. பின்னால ஹோன் அடிச்சவை. ரெண்டு தரம் தெருவைச் சுத்தி வந்து பாத்திட்டுப் போட்டார். அடுத்தது வியாழக்கிழமை. மூண்டாந்தரம் போன வெள்ளி, அண்டைக்கு நிப்பாட்டப் பாக்கவேயில்லை. உங்கட பெயர்ப்பலகையைப் பாத்துக்கொண்டே போனவர்."

சம்மாட்டி வெருகல் முருகன் கோயிலில் வாங்கின வேல் அது. அந்த லொறியை எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நான் கதிரையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

முடிவை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். கடைக்காரரின் பாஸ் இனித் தெருவில் செல்லாது. எங்கள் வாகனங்களைக் கடற்கரைப் பக்கத்து வெறுங்காணியில் விட வேண்டும். மேல்மாடிக்காரர் சாமான் இறக்குகிற நேரம் மட்டும் வாசலில் நிறுத்தலாம். வாங்க வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மணித்தியாலம் கட்டணமில்லை. கடற்கரைக் காணிக்கான பாஸ் காசு சபைக்கு நேரே போகும். அவளுக்கு வந்த பங்கு அன்றோடு நின்றது.

மத்தியானம் வானை நானே எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரைக் காணியில் விட்டேன். முழங்கால் நோவோடு வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். கடைக்குள் வந்து இருந்தால், எதிர்ப்பக்கம் தெரிகிறது. தெருவில் போகிறவர் முகம் தெரிகிறது. பகலில் லைட் போட்டுக்கொண்டு இருந்த கடை அது. நான் லைட்டை நிற்பாட்டிவிட்டுச் சம்மாட்டிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் வந்தனீங்களாமே."

"வந்தனான் தங்கச்சி. ரெண்டு தரமோ மூண்டு தரமோ, சரியா ஞாபகமில்லை. இடமில்லை. போன் எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்ல. என்னில ஏதோ கோபமாக்கும் எண்டு நினைச்சன்."

"வலை?"

அவர் இருமினார். "மடிக்கு வலை கப்பல்துறையில எடுத்துப் போட்டன். சீசன் வந்திட்டுது, என்ன செய்யிறது? கயிறும் மிதவையும் இன்னும் எடுக்கேல்ல. இப்ப வந்தா நிப்பாட்ட இடம் இருக்கோ?"

"இருக்கு அண்ணை. என்ர வாசலில இருக்கு" என்றேன். மறுநாள் அவர் வந்தார், மூன்று மணித்தியாலம் இருந்தார், மூன்றாவது மணித்தியாலத்துக்கு டிக்கெட்டும் எடுத்தார். கயிறும் மிதவையும் நான் கொடுத்த வாக்குக்குப் போதுமா என்று மகளுக்கு விளக்கம் சொல்லவில்லை. கடையைப் பூட்டவில்லை என்று மட்டும் சொன்னேன். பூட்டவுமில்லை, இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.

கூட்டம் நடந்த அன்று பின்னேரம் ஐந்து மணி போல, ஒரு கோப்பை தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். அவள் தெருவுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் அதுதான் முதல்தரம். தெருவில் பாதிப்பேர் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அவள் வழமைபோல நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கல்லோ நட்டம், பிள்ளை. பாஸ் பங்கு போட்டுது. ஏன் சொன்னனீ?"

"அந்த மிஸ் கேட்டவ. கேட்டா, கண்டதை இல்லை எண்டு சொல்ல ஏலாது அக்கா."

"நிண்ட வாகனத்தைப் பாத்தாய், சரி. நிக்காமல் போனதை ஏன் பாத்தனீ? அதுக்கு டிக்கெட் இல்லையே?"

அவள் தேத்தண்ணியை ஊதினாள். "எங்கட அப்பா வெருகல் பக்கம் மாட்டுப்பட்டி வைச்சிருந்தவர். பொழுதுபட மாடுகள் வரேக்குள்ள எண்ணவே மாட்டார். சும்மா பாத்துக்கொண்டு நிண்டிட்டு, இன்ன மாடு வரேல்ல எண்டுவார். சின்னனில நானும் பக்கத்தில நிண்டு பாத்துப் பழகிட்டன். வராதது கண்ணில குத்தும் அக்கா."

இந்தத் தெருவில் இப்படி ஒருத்தி நின்றாள், நான் அவளை மெஷின் என்று ஏசிக்கொண்டு திரிந்தேன். மனம் பொறுக்கவில்லை. என் பிழையை அவள் தலையிலும் கொஞ்சம் இறக்கிவிட்டால் ஆறுதலாக இருக்கும்போல இருந்தது.

"அப்ப முதல்தரம் அந்த லொறி வந்து போன அண்டைக்கே எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. மடிக்கு வலையும் என்னட்டையே எடுத்திருப்பார்."

"சொல்ல வந்தனான் அக்கா."

"எப்ப?"

"அண்டைக்குத்தான். திங்கக்கிழமை, பத்தரைக்கு. நீங்கள் வாசலில நிண்டு கயிறு சுத்திக்கொண்டிருந்தனீங்கள். நான் கிட்ட வர, 'வந்திட்டாள் காசுக்கு' எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினனீங்கள்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வாகனத்துக்கு நேரம் சொல்கிற அதே குரல். கோப்பையை என் கையில் தந்துவிட்டு, அந்தக் கரையில் வந்து நின்ற ஒரு காரை நோக்கி ஆறுதலாக நடந்தாள்.

நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்படிக் கதவைச் சாத்தியது எனக்குத் துளியும் ஞாபகமில்லை. ஆனால் அவள் பிழையாக ஒரு நேரம் சொல்லி நான் கேட்டதில்லை.